பின்னால் வந்தவை

தென்னரசுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த அன்று, லாவண்யாவின் அப்பா மாணிக்கவேல் ஆரணியில் அந்தத் தெருவே கேட்கக் கத்தினார்: "இனிமே உன் பின்னாடி ஒரு நாய்கூட வராதுடி!"

அந்த வாரமே அவள் இரண்டு நாய்களை வளர்க்க ஆரம்பித்தாள். பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்த அரக்கு நிறப் பட்டிழைகளை அவற்றின் கழுத்தில் சுற்றினாள். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகள் தீரும்போது புதியவற்றைப் பழையவற்றோடு இணைப்பதுபோல, சாம்பல் தொட்டு நுனிகளை முறுக்கிவிட்டாள். முடிச்சே கிடையாது.

ஒரு சனிக்கிழமை இருவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, நாய்களோடு பக்கத்துச் சமணர் மலையான திருமலைக்கு நடந்தார்கள். இரவு அடிவாரத்தில் தங்கினார்கள். ஞாயிறு காலை திரும்பும்போது மூன்றாவதாக ஒரு நாய் கூட வந்தது. அதன் கழுத்திலும் அரக்குப் பட்டு, முடிச்சில்லாமல்.

"இதுக்கு எப்போ கட்டின?" என்றான் தென்னரசு.

"நான் கட்டல."

"பின்னாடி இன்னும் வந்துகினே இருக்குது, லாவண்யா. துரத்திடலாமா?"

"எதுக்கு? வரட்டும்."

எப்போதும் அப்பாவின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறவள், அன்று நேராக அதற்குள் நுழைந்தாள். பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு நாய்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அரக்குப் பட்டு. ஒன்றும் குரைக்கவில்லை. தறிச் சத்தம் வீடு வீடாக நின்றது. மாணிக்கவேல் வாசலுக்கு வந்தார்.

"ஒரு நாய்கூட வராதுன்னீங்களே. எண்ணிப் பாருங்கப்பா."

அவர் எண்ணவில்லை. முன்னால் நின்ற நாயின் கழுத்தையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அவர் தறியில் ஏற்றியிருந்த அரக்குப் பாவில் ஓர் இழைகூட இல்லை.