குடைக்காரி மேல் ஒரு புகார்

"எவ பார்த்த வேலைன்னு தெரியட்டும். அவ கை விளங்கவே கூடாது!"

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தாள் குடைக்காரி. தெரு வைத்த பெயர் அது. ஜனங்கள் தூக்கிப் போடும் ஒடிந்த குடைகளை வாங்கி, துணியைப் பிரித்து, பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு தைப்பவள்.

"என்னதான் போட்டிருக்கு? படிங்க அண்ணி," என்றாள் நாத்தனார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிதானமாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மொட்டைமாடி முழுக்க உடைந்த குடைகள். கம்பி குத்துகிறது. கொசு மொய்க்கிறது. உடனே வந்து பார்க்கவும். கொசுவாம்! என் மாடியில ஒரு கொசுவைக் காட்டட்டும்."

"கொசு இல்லதான். ஆனா வௌவால் கூட்டம் தொங்கற மாதிரி இருக்கே."

"நீ வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாதே!"

புகார் வந்தது 'புதுசு' செயலியில். நகராட்சி நடத்துவது. வீட்டில் வேண்டாததைப் படம் எடுத்துப் போட்டால், அதை வேறொன்றாக மாற்றத் தெரிந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். குடைக்காரி வீட்டில் குடைகள் குவிந்தது அப்படித்தான். தைத்ததை அதிலேயே விற்கலாம். பழைய பஸ் டிப்போவில் வேலை செய்ய ஓர் அறையும் கொடுப்பார்கள். ஆனால் அதிகாரி ஒரு தடவை நேரில் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அந்த அதிகாரிதான் வரவே இல்லை. விண்ணப்பம் மாதக்கணக்கில் 'பரிசீலனையில்' கிடந்தது. அறை கேட்க நாளையே கடைசி நாள். மாடியைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் வேறு கெடு வைத்துவிட்டார். அறை கிடைக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, பழையபடி துணிக்கடையில் கால் வீங்க நிற்க வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துப் புகார். அதன் கீழே சிவப்பு எழுத்தில், 'புகார் முடியும்வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும்' என்று வேறு.

"கீழ்வீட்டுக்காரிதான். வேற யாரு!"

நாத்தனார் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.

கீழ்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் எதுக்கு போன்ல போடணும்? எனக்கென்ன வாய் இல்லையா? உன் மெஷின் சத்தம் மண்டைக்குள்ள ஓடுதுன்னு உன் மூஞ்சிக்கு நேராத்தானே சொன்னேன்?"

அது வாஸ்தவம். வந்த வேகம் இறங்கி, குடைக்காரி மறுபடி மேலே ஏறினாள்.

அன்று சாயங்காலமே அதிகாரி வந்து நின்றார். கூடவே மழையும் வந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"புகார் வந்த இடம் இதுதானே? கொசு எங்கே?"

மாடிக் கொட்டகையைத் திறந்து காட்டினாள். துணிகளை நிறம்நிறமாய் மடித்து வைத்திருந்தாள். கம்பிகள் கட்டுக்கட்டாய் மூலையில் இருந்தன. கொடியில் தைத்து முடித்த கோட்டுகள்.

"குடைத்துணியா இது? தையல் வழியா தண்ணி இறங்குமேம்மா."

"இறங்காது சார். உங்க போனை இப்படி வையுங்க."

கோட்டின் தலைமூடியைக் கவிழ்த்துப் பிடித்து, அதில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, போனுக்கு நேர் மேலே பிடித்தாள்.

"ஐயையோ, அது ஆபீஸ் போன்!" என்று அதிகாரி பாய்ந்து வந்தார்.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"மடிச்சு ரெண்டு தையல் சார். மேல மெழுகு தேய்ச்சிருக்கேன்."

அதிகாரி கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் கீழே பள்ளிக்கூடம் விட்டது. கறுப்பும் பூப்போட்டதும் கட்டம் போட்டதுமாய் ஒட்டுத் தையல் கோட்டுகள் தெருவை நிறைத்துக்கொண்டு போயின.

"அதுவும் நீங்கதானா?"

"ஆமா சார். விக்கத்தானே அனுமதி வேணும்? சும்மா கொடுக்க அது வேண்டாமே."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மளமளவென்று படம் எடுத்தார்.

"இப்படி ஒரு விண்ணப்பம் இருக்கறதே என் கண்ணுல படலையேம்மா! ஒப்புதல் போட்டாச்சு. டிப்போவுல வாசல் பக்கத்து அறையே உங்களுக்கு..."

சட்டென்று நிறுத்தினார்.

"அட, புகார் முடிஞ்சாத்தான் இது போகும். புகார் கொடுத்தவங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதை அவங்க சொல்லணும்."

"அந்தப் பாவி எங்க சார் சொல்லப் போறா?" குடைக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். "யாருன்னு மட்டும் சொல்லுங்க. கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

"பேர் எனக்கே காட்டாதும்மா. எதுக்கும் அனுப்பிப் பார்க்கறேன்."

அழுத்தினார்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு போன் 'டிங்' என்றது.

திரும்பினாள். கொட்டகை வாசலில் நின்றிருந்த நாத்தனார் தன் போனைப் பார்த்து, ஒவ்வோர் எண்ணாக நிதானமாய்ப் படித்தாள். அதிகாரி தட்டினார். சிவப்பு எழுத்து மறைந்து பச்சை எழுத்து வந்தது: 'அறை ஒதுக்கப்பட்டது.'

"அடிப்பாவி... நீயா!" என்றாள் குடைக்காரி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பின்னே என்ன அண்ணி?" நாத்தனார் ஓரக்கண்ணால் அதிகாரியைப் பார்த்தாள். "விண்ணப்பம் போட்டா நாமதான் வரிசையில நிக்கணும். புகார் போட்டாத்தானே இவங்க நம்ம வாசல்ல வந்து நிக்கறாங்க!"