ஆல்வினுக்குப் பின்னால்

தேவாலயத்தில் அமைத்த வாக்குச்சாவடியின் வாசலில் நின்ற பெண் அதிகாரி வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, விரலை நேராக ஆல்வின் ப்ரூயிட் மீது நீட்டினாள்.

"அவரா?" என்று கீழே நின்ற போலீஸ்காரர் கேட்டார்.

"அவரேதான்."

தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. போலீஸ்காரர் சரிவுப் பாதையில் ஏறி வந்து, ஆல்வினுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டார். பாதையின் இரண்டு பக்கமும் இடுப்பளவு இரும்புக் கம்பி. முன்னால் நெருக்கியடித்த கூட்டம். பின்னால் துப்பாக்கி செருகிய இடுப்பு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து நவம்பர் குளிரிலும் ஆல்வினுக்கு முதுகு நனைந்தது.

கோழி இறைச்சி ஆலையில் வேலை முடிந்ததும் உடை மாற்றாமல் ஓடிவந்தவன் அவன். வாழ்க்கையில் இதுதான் முதல் ஓட்டு. வாலிபத்தில் அதைப் பற்றி நினைத்ததில்லை. ஒரு கொள்ளைக்குக் கார் ஓட்டிச் சிறைக்குப் போன பிறகு நினைத்தும் பயனில்லை; தண்டனை முழுதும் முடியும்வரை ஓட்டுரிமை கிடையாது. சிறை முடிந்து, வெளியே இருந்த கண்காணிப்புக் காலமும் இந்த வசந்தத்தில்தான் தீர்ந்தது. வாக்காளர் அட்டை வந்த அன்று மகள் கியானா கேக் வெட்டினாள்.

ஆனால் ஆலையில் ஒரு பேச்சு உண்டு. பக்கத்து மாநிலத்தில் இவனைப் போலவே தண்டனை முடித்த ஒருத்தி, போடலாம் என்று நம்பி ஓட்டுப் போட்டாளாம். தண்டனைக் கணக்கில் ஏதோ பாக்கி என்று சொல்லி, மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டார்களாம்.

'எனக்கும் ஏதோ பாக்கி இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று நினைத்தான் ஆல்வின்.

அவனுக்கு முன்னால், அவனைச் சிறுவயதிலிருந்தே அறிந்த கிழவி மிஸ் யூலா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து, நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டு, மறுபடி உட்காருவாள். உள்ளே ஒரு வாக்கு இயந்திரம் பழுதாம். மத்தியானத்திலிருந்தே இந்த நத்தை ஊர்வலம்தானாம். கறுப்பர் என்பதற்காகத் தன் அப்பாவை அந்தக் காலத்தில் இதே ஊரில் ஓட்டுப் போடவிடாமல் மூன்று தடவை திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"அரசியல் சாசனம் ஓட்டு மட்டும்தான் குடுத்துச்சு. நாற்காலியை நாமதான் தூக்கிட்டு வரணும்."

பிறகு திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "என்ன ஆல்வின், மெய்க்காவலர் எல்லாம் வெச்சிருக்கே? பெரிய மனுசன் ஆயிட்டே."

ஆல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஓரடி நகர்ந்தால் பின்னால் பூட்ஸும் ஓரடி நகர்ந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது.

அப்போது உணவக ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஓர் இளம்பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். போலீஸ்காரர் கையை நீட்டி அவளைத் தடுத்தார். தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி ஆல்வினைக் காட்டினார். அவள் ஆல்வினை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர் திரையிட, திரும்பி நடந்துவிட்டாள்.

போச்சு, ஊருக்கே சொல்லியாகிவிட்டது. ஆல்வினுக்குக் காது மடல் எரிந்தது.

போய்விடலாம் என்று தோன்றியது. ஓட்டே போடாவிட்டால் குற்றமும் இல்லையே. மெல்ல உடம்பைத் திருப்பிக் கம்பியோரமாக நழுவப் பார்த்தான்.

"எங்க போறீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"கழிவறைக்கு சார்."

"இப்ப வரிசையை விட்டு விலகினீங்கன்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சிறையில் சாப்பாட்டு வரிசையிலும் இப்படித்தான் சாந்தமாகச் சொல்வார்கள். விலகியவன் என்ன ஆனான் என்று ஆல்வின் பார்த்திருக்கிறான். அவன் மறுபடி நேராக நின்றான்.

கியானா நடக்கப் பழகியதை அவன் சிறையில், பார்வையாளர் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயிருந்துதான் பார்த்தான். இன்று காலை அவள், ஓட்டுப் போட்டவர்களுக்குத் தரும் ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரவேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மீன் வறுத்துவைத்துக் காத்திருப்பாள். மறுபடியும் அந்தக் கண்ணாடியா?

வரிசை ஊர்ந்து ஊர்ந்து வாசலைத் தொட்டது. மிஸ் யூலா நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியில் ஆல்வினும் போலீஸ்காரரும் மட்டும்.

உள்ளே போய் எல்லார் முன்னாலும் விலங்கு மாட்டிக்கொள்வதைவிட இங்கேயே முடித்துவிடலாம் என்று முடிவு செய்தான். திரும்பி, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினான்.

"நானே வந்துடறேன் சார். என் பொண்ணுக்கு மட்டும் ஒரு போன் பண்ணிக்கறேன்."

போலீஸ்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார்; பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"கையைக் கீழ போடுங்க சார். ஓட்டு நேரம் முடிஞ்சு மணி அடிச்சப்ப, வரிசையில கடைசியா நின்னது நீங்க. உங்களுக்குப் பின்னாடி யாரும் வந்து சேரக் கூடாது. உங்களை யாரும் திருப்பி அனுப்பவும் கூடாது. அதுக்குத்தான் என்னை நிக்க வெச்சிருக்காங்க."

ஆல்வினுக்குக் கைகளைத் தாழ்த்தக்கூடத் தோன்றவில்லை. போலீஸ்காரர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வலித்த கால்களை மாற்றி மாற்றி ஊன்றினார்.

"சீக்கிரம் போங்க சார். நீங்க போட்டாத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்."