சாமி அலமாரி

பிள்ளையாரை இறக்கிக் கீழே வைத்தாள் ஷோபனா. அடுத்து முருகன். அப்புறம் சரஸ்வதி.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் செய்தாள். அவளுக்குக் கோபம் சாமி மேல் இல்லை, துறைத்தலைவர் துரைராஜ் மேல்.

ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியான அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை மணலைப் பிரிப்பது. புரோமோஃபார்ம் என்று ஒரு திரவம், தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். பனமலை ஏரி மணலை அதில் கொட்டினால் வெள்ளை மணல் மேலே மிதக்கும், கார்னெட் மாதிரி கனமான மணியெல்லாம் அடியில் போய் உட்காரும். குழாயைத் திறந்து அடியில் இருப்பதைத் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் ஆவி விஷம். வாசனை இனிக்கும், கொஞ்ச நேரத்தில் மண்டை வெடிக்கும்.

அதற்குத்தான் ஆவியை இழுத்து வெளியே தள்ள ஒரு கண்ணாடி அலமாரி வேண்டும். இந்தத் துறையிலும் ஒன்று இருக்கிறது. உள்ளே சாமி படங்களும் ஊதுபத்தி ஸ்டாண்டும் காய்ந்த சாமந்தியும்.

காலி பண்ணிக் கொடுங்கள் என்று வாய் வலிக்கக் கேட்டாயிற்று.

"சாமி இருக்குற எடம்மா. ஜன்னலத் தொறந்து வச்சிக்கினு பண்ணு. ரிப்போர்ட் இந்த மாசம் போயாவணும், டென்ஷன் பண்ணாத" என்பார் துரைராஜ்.

ஜன்னலாம் ஜன்னல். கோட்டை மலைப் பக்கமிருந்து அடிக்கிற அனல்காற்று, ஆவியை அப்படியே அவள் மூஞ்சிக்குத்தான் திருப்பிவிடுகிறது.

ஷோபனா முழுகாமல் இருக்கிறாள், இது மூன்றாம் மாதம். துறையில் மூச்சுவிடவில்லை. இவளுக்கு முன்னால் இங்கே ஆராய்ச்சி செய்த பிருந்தா, தான் உண்டாகியிருப்பதைச் சந்தோஷமாகச் சொன்னாள். பிரசவம் முடிந்து வந்து பார்த்தால், அவள் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். படிப்பு அதோடு சரி. அந்தக் கதி தனக்கும் வர வேண்டுமா என்ன?

இந்தத் திங்கட்கிழமை துரைராஜ் புதிதாக ஒரு மூட்டை மணலைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைக்கச் சொல்லியிருந்தார். இன்று காலை அதில் கால்வாசி பிரிப்பதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வருவது வரட்டும் என்று வந்து அலமாரியைத் திறந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய வெங்கடாசலபதி. நாலு மூலையிலும் ஆணி. திருப்புளியால் நெம்பி, படத்தை இரண்டு கையாலும் தாங்கி இறக்கினாள்.

பின்னால் சுவர்.

வெறும் சுவர். நன்றாகப் பூசி, சுண்ணாம்பும் அடித்த சுவர். அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு, பாத்ரூமில் மாட்டுகிற சின்ன ஃபேன் ஒன்று. ஓட்டை இல்லை. வெளியே போகிற குழாய் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அட அநியாயமே! சோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் துரைராஜ் அலமாரியின் சிவப்பு சுவிட்சைத் தட்டுவார். உர்ரென்று சத்தம் வரும். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காபி குடிக்கப் போவார்கள். பஜார் சந்தில் எவனும் ஒதுங்கக் கூடாதென்று சுவரில் சாமி டைல்ஸ் பதிப்பார்களே, அதே வேலை. சாமி படத்தை எடுத்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்?

ஷோபனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேரை இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து வேலை வாங்கியிருக்கிறாரே, மனுஷன்தானா இவர்?

வாசலில் துரைராஜ் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். அவள் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். கத்தட்டும் என்று அவள் காத்திருந்தாள். நாக்கு நுனியில் கேள்விகள் தயாராக இருந்தன.

அவர் கத்தவில்லை. பெற்ற மகளிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கினு சாமி மேல கைய வைக்கலாமாம்மா? போன மாசமே உன் வீட்டுக்காரரு பஜார்ல பாத்து சொன்னாரு. அன்னியிலேர்ந்து டெய்லி உனக்காகத்தான் இங்க கற்பூரம் ஏத்துறேன்."