அக்கரையிலிருந்து ஓர் அலறல்

"அக்கரையில நின்னு ஒரே ஒரு கத்து கத்தினேன். செத்துக் கிடந்த ஈஸ்ட்டு இங்க பீப்பாய்க்குள்ள எழுந்து உட்கார்ந்துடுச்சு" என்றான் ஹல்வார்.

சாவு வீடு என்பதையும் மறந்து நிலவறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹல்வார் பிடிக்கிற மீன், படகிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு மடங்கு வளர்ந்துவிடும் என்பது மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் அந்த ஃபியோர்டின் இரு கரைக்கும் தெரியும்.

சிரிக்காதவர்களில் ஒருத்தி அவன் தங்கை சுன்னீவா. இன்னொருவன் அவள் கணவன் தோர்கெல். பீப்பாய் அவனுடையது.

தோர்கெலின் அப்பா ஆஸ்முண்ட் அந்த வாரம்தான் கண்ணை மூடியிருந்தார். மறுநாள் அடக்கம். வந்தவர்களுக்குச் சாவு பீர் ஊற்றாமல் ஒருவரைப் புதைப்பது அந்தப் பக்கத்தில் நடக்காத காரியம்.

சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஈஸ்ட்டைக் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி, எது யாருடையது என்றே தெரியாமல் கலந்துபோயிருந்தது. ஆஸ்முண்டுடையது மட்டும் கலக்காதது. துணியில் தடவிக் காயவைத்துப் பரணில் தொங்கவிட்டிருப்பார். சாகும்போது மகன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதும் அதைத்தான். என் சாவுக்கு என் ஈஸ்ட்தான் பொங்க வேண்டும், அடுத்தவன் ஈஸ்ட்டில் ஊறினதை என் பேரில் ஊற்றாதே என்றார்.

பீர் காய்ச்சிய அன்று காலையில் தோர்கெல் அந்தத் துணியை, பீப்பாயில் இருந்த இளஞ்சூட்டு மால்ட் கஷாயத்தில், அதாவது முளைகட்டிய பார்லிச் சாற்றில், நனைத்து உதறினான். ஈஸ்ட் போடும்போது தொண்டை கிழியக் கத்துவது வழக்கம். கத்துகிற அளவுக்குத்தான் பீருக்கு வீரியம். துக்கத்தில் அவனுக்குக் குரலே எழும்பவில்லை.

மதியம் தாண்டியது. நுரையும் இல்லை, இரைச்சலும் இல்லை. கம்பளி போர்த்தினான், அதன்மேல் ஆட்டுத்தோல் போர்த்தினான். சாயங்காலத்துக்குள் பொங்காவிட்டால் கஷாயம் கெட்டுவிடும். மறுபடி காய்ச்ச வீட்டில் மால்ட் இல்லை. அடக்கத்துக்குள் நாளும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் துக்கம் கேட்க ஹல்வார் படகில் வந்து இறங்கினான். பீப்பாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருக்கிற ஈஸ்ட்டை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். தோர்கெல் மசியவில்லை. பீர் இல்லாமல் புதைத்து ஊர்ச்சிரிப்பு வாங்கினாலும் வாங்குவேன், அப்பா பேச்சைத் தாண்டமாட்டேன் என்றுவிட்டான்.

"அப்படின்னா குறை உன் தொண்டையிலதான் மாப்பிள. சளி பிடிச்ச ஆடு மாதிரி முனகியிருப்பே. நான் வீட்டுக்குப் போய் அங்கேருந்து கத்தறேன். நீ தண்ணி ஓரமா வந்து நின்னு கேளு."

இங்கேயே கத்தினால் என்ன என்று தோர்கெல் கேட்டதற்கு, பக்கத்தில் நின்று கத்தினால் பீப்பாய் வெடித்துவிடும் என்று பதில் வந்தது.

கிளம்புமுன் ஹல்வார் சமையலறையில் தங்கை கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தான். அவனுடைய காய்ந்த ஈஸ்ட். புருஷன் கரைக்குப் போனதும் பீப்பாயில் கொட்டிக் கலக்கிவிடு, செத்தவருக்குத் தெரியவா போகிறது என்று காதோடு சொன்னான்.

அக்கரை போய்ச் சேர்ந்து கத்தினான். மலைமேல் மேய்ந்த ஆடுகளெல்லாம் பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்று குழம்பிப் பட்டிக்குத் திரும்பிவிட்டன என்பார்கள். சுன்னீவா பொட்டலத்தைப் பீப்பாயில் கொட்டினாள். தோர்கெல் திரும்பி வந்து குனிந்தபோது, பீப்பாய்க்குள் நுரை பொங்கி மழை போல இரைந்துகொண்டிருந்தது.

இப்போது நிலவறையில் ருசி பார்க்கும் நேரம். தோர்கெல் மரக்கிண்ணத்தில் பிடித்து, மேட்டு வீட்டு ராங்னாவிடம் முதலில் கொடுத்தான். எந்த வீட்டுப் பீர் என்று ஒரு வாயில் சொல்லிவிடுகிற நாக்கு அவளுக்கு. சுன்னீவா ராங்னாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை போதும். அப்பாவின் கடைசிப் பேச்சை மீறவைத்தவள் என்று தோர்கெல் ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்கமாட்டான்.

ராங்னா குடித்தாள். கண்ணை மூடி மறுபடியும் குடித்தாள். "ஆஸ்முண்ட் பீரேதான்" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கிழவிக்கு நாக்கு மரத்துவிட்டது, தப்பித்தோம் என்று சுன்னீவாவுக்கு உயிர் வந்தது. ஹல்வார் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அத்தோடு விட்டிருக்கலாம். அவன் வாய் விடுமா?

"ஊரே சிரிக்குது மாப்பிள. என் கத்தல்லதான் பொங்குச்சுன்னு நீயே உன் வாயால சொல்லிடு."

தோர்கெல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் ஹல்வாரைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீ இவ கையில பொட்டலம் கொடுத்ததை ஜன்னல் வழியா பார்த்துட்டேன் மச்சான்."

சுன்னீவா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆட்டு மந்தையையே இறக்கிய ஹல்வாரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"இவ மாட்டைப் பார்க்கப் போன நேரத்துல அதைப் பிரிச்சு அடுப்புல கொட்டிட்டு, காஞ்ச ரொட்டியை நுணுக்கி அதே பொட்டலத்துல மடிச்சு வச்சேன். இவ பீப்பாய்ல போட்டது அந்த ரொட்டித் தூளைத்தான்" என்றான் தோர்கெல். "நானும் எப்படியெல்லாமோ யோசிச்சுப் பார்த்துட்டேன். நீ கத்தினே, எங்கப்பா ஈஸ்ட்டு எழுந்துச்சு. நடந்தது நடந்ததுதான்."