துளியூண்டு பவுடர்

“பவுடர் போட்டிருக்கீங்களே மேடம்? இந்த முகத்தோட உள்ளே விட முடியாது.”

நானோ ஆய்வகத்தைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வழிகாட்டிப் பெண் வேலையில் சேர்ந்து அது இரண்டாவது நாள்.

“லேசாத்தாம்மா பூசியிருக்கேன்.”

“துளியூண்டு போதும் மேடம். உள்ளே செய்யற சிப் மேல விழுந்தா, வீட்டு மேல பாறாங்கல் விழுந்த மாதிரி. குழாய் அந்தப் பக்கம்.”

அந்த அம்மாள் முகம் கழுவப் போனதும் காவலாளி பதறி ஓடிவந்தார்.

“ஐயையோ, அவங்க யாருன்னு தெரியுமா? இந்த ஆய்வகத்தோட இயக்குநர்!”

“தெரியும்ண்ணே. எனக்கு வேலை போட்டுக் கொடுத்ததே அவங்கதான்.”

வரிசையில் நாலைந்து பிள்ளைகள் தாங்களாகவே குழாயடிக்கு நகர்ந்தார்கள்.

இயக்குநர் ஈர முகத்தோடு திரும்பி வந்தார். “இப்ப போகலாமா?”

அவள் எட்டிப் பார்த்தாள்.

“காதோரம் இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்.”