தூக்கிய கால்

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

கோபம் உச்சந்தலையில் இருந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் வைத்தாள். இரண்டு கையாலும், ரப்பர் விரிப்பின் நடுவில். அதில் பாதி வெடிமருந்து மீதமிருந்தது.

வீட்டில் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும். பட்டாசு ஆலையின் மருந்து அறையில் எதுவும் பறக்கக் கூடாது. இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, செருப்போடு நுழையக் கூடாது. ஒரு பொறி போதும்.

வெயில் ஏறுவதற்குள் கலவை முடிய வேண்டும் என்பதும் விதிதான்.

மணி பதினொன்று. சுவர் சுட்டது.

"இதுக்கு மேல கலக்க மாட்டேன் அண்ணாச்சி. கருப்பாயி அக்கா வெடிச்சுக் கருகிப் போனதும் இப்பிடி ஒரு வெயில்லதான்."

வாசலில் நின்ற போர்மேன் சீனிராஜின் முகம் கறுத்தது. அன்றும் கலக்கச் சொன்னவர் அவர்தான்.

அன்று இவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது. இன்றுதான் கோபமாக எழுந்து நின்றது. குரல் உயரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கூட வேலை பார்த்த குருவம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். பத்தடி கூட நடந்திருக்க மாட்டார்கள்.

"எனக்கே சட்டம் படிக்கிறியா? இந்தா பாரு ஒன் சல்லடைய!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சீனிராஜுக்கு இன்று கண்ணும் மட்டு.

அவள் திரும்பினாள். சீனிராஜ் அறைக்குள் நின்றார்.

வாசலில் இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. ஒன்று அவளுடையது. ஒன்று குருவம்மாளுடையது.

பதினோரு வருடத்தில் அவர் ஒரு நாளும் கழற்ற மறந்ததில்லை. அடியில் ஆணி அடித்த தோல் செருப்பு.

குருவம்மாள் ஓடத் தொடங்கினாள்.

இவள் ஓடவில்லை. கத்தவும் இல்லை. கத்தினால் அவர் வெடுக்கென்று திரும்புவார். கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி. அப்பிடியே நில்லுங்க. கால்ல செருப்பு."

சல்லடையை எத்துவதற்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கீழே தரையெங்கும், சலித்தபோது சிந்திய மருந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதை இப்போதுதான் அவர் பார்த்தார்.

தூக்கிய கால் நடுங்கியது.

"எறக்காதீங்க. நான் வர்றேன்."

வெறுங்காலோடு அவள் வாசற்படியைத் தாண்டினாள்.