பூட்டு அனுப்பிய மச்சான்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் நான் ஏறும் லிஃப்ட் பாதியில் நிற்கட்டும். சத்தியமாக நடந்தது.

பாளையங்கோட்டை சண்முகவேல் வீட்டில், முகம் பார்த்துத் திறக்கும் புதுப் பூட்டு மாட்டினார்கள். “மென்பொருள் மாறும்போதெல்லாம் ஒங்க சொந்தக்காரங்க மாதிரியே இயந்திர ஆளுங்கள அனுப்பி, பூட்டு ஏமாறுதான்னு சோதிப்போம்” என்றான் விற்றவன். அன்றிலிருந்து சண்முகவேல் உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டார். முறுக்குப் பையோடு வந்த சித்தப்பாவை விரட்டிவிட்டு, முறுக்கு வாசனையைக்கூட விடாமல் செய்திருக்கிறார்களே என்று வியந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல வருடமாகப் பேச்சு இல்லாத மச்சான் சுடலைமணி வாசலில் நின்றார்.

“மாப்ள, கதவத் தெறங்க. அன்னைக்கு நான் பேசுனது தப்புதான். மன்னிச்சிருங்க.”

“எங்கண்ணன் குரலுல்லா இது” என்று சண்முகவேலின் மனைவி கோமதி தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினாள். சண்முகவேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்கண்ணன் செத்தாலும் மன்னிப்பு கேப்பானாட்டி? இங்கதான் கம்பெனிக்காரன் கோட்டைவிட்டுட்டான்.”

கோமதி ஜன்னல் வழியே பார்த்தாள். “கண்ணு கலங்கி நிக்காரு.”

“அதுவும் சோதனைதான்.”

வெகுநேரம் நின்றுவிட்டு மச்சான் படியிறங்கினார். தெருமுனை வரை கோமதி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகவேல் கம்பெனிக்குப் போன் போட்டார்.

“பூட்டு நல்லாருக்கு. மச்சானுக்குத்தான் கொஞ்சம் திமிர் சேத்து அனுப்புங்க.”

அந்தக் கம்பெனி, தான் விற்ற எதையும் இன்றுவரை சோதித்துப் பார்த்ததே இல்லை.